ஜப்பான் பணியாரமும் பதினோரு நாள் தேங்காயும்

ஜப்பானுக்குப் போனால் தெருவில் என்னென்ன வாங்கிச் சாப்பிடலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் மலைப் பக்கத்திலிருந்து அந்த நாட்டுக்குப் போய் வந்தவர்கள், எனக்குத் தெரிந்து, அந்தக் காலத்தில் இரண்டே பேர். ஒருவர் பெரும்பாறையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த முதலாளி. இன்னொருவன் அவருக்கு ரசம் வைத்துக் கொடுக்கப் போன நான். முதலாளி அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அதனால் கேள்வியெல்லாம் என்னிடம் வரும். நானும் கூச்சமில்லாமல் பதில் சொல்லுவேன். என் யோசனையைக் கேட்டு வாயில் எதையாவது போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டுமல்லவா, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பழனிக்காரன். கோயில் சேவகத்தில் இருந்த குடும்பம். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்லுவார்கள். எனக்குச் சமையல் நன்றாக வரும் என்று நானாகவே ஊரில் பரப்பிவிட்டு, இருபத்து நாலு வயதில் முதலாளியின் பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்தேன். முதலாளியும் சைவம். சாதாரணச் சைவம் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு காப்பி குடிக்க வேண்டுமென்றால்கூட, அடுத்த கடையில் என்ன கொதிக்கிறது என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார். தெருக் கடையில் நின்று தின்பது அவர் குடும்பத்தில் நடந்ததே இல்லை. பஜாரில் வடை வாசனை வந்தால் நடையை மெதுவாக்குவார், நிறுத்த மாட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. காப்பிச் செடிக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் மருந்தடிக்கிற மெஷின் ஜப்பானில் மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நேரில் பார்த்து வாங்குவதென்று கிளம்பினார். இரண்டு மூட்டை அரிசி, ஒரு டின் புளி, ரசப்பொடி, ஒரு பம்ப் ஸ்டவ், நான். இந்த வரிசையில்தான் எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள்.

ஒசாகா என்ற ஊரில் தங்கினோம். விடுதி முழுக்க மரமும் காகிதமும். என் ஸ்டவ்வைப் பார்த்ததும் விடுதிக்கார அம்மாள் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டினாள். நான் பற்றவைத்துக் காட்டினால் பயம் தெளியும் என்று நினைத்துத் தீப்பெட்டியை எடுத்தேன். ஸ்டவ்வைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் கிளம்புகிற அன்றைக்குத்தான் அது திரும்பி வந்தது, நன்றாகத் துடைத்து, துணியில் பொதிந்து.

பகலில் விடுதிச் சோறும் நான் கொண்டுபோன ஊறுகாயும். சாயங்காலப் பசிக்குத் தெருதான் கதி. அப்படித்தான் முதலாளி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெருக் கடை முன்னால் நின்றார். ஐப்பசி, கார்த்திகை மாதம். கோடைக்கானல் மாதிரியே குளிர். தெருவெல்லாம் புகையும் நெருப்பும். யாருக்கும் அவரைத் தெரியாது, அவருக்கும் யாரையும் தெரியாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர் பார்க்கிறவர் மாதிரி நடந்தார்.

போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டியில் வரும். விற்கிறவன் இழுத்து இழுத்து ஒரு கூப்பாடு போடுவான். கேட்டால் வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று தோன்றும். பயப்பட வேண்டாம். காகிதத்தில் சுற்றித் தருவான். தின்பதற்கு முன் கொஞ்ச நேரம் சட்டைப் பையில் வைத்துக் குளிர் காயலாம். பழனியில் சாதாரணமாகக் கிடைக்கிற அந்தக் கிழங்கைத் தின்ன ஐந்து வாரம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு போனோமே என்று மட்டும் நினைக்கக் கூடாது. குச்சியில் குத்திய கொழுக்கட்டை ஒன்று உண்டு, இனிப்பும் கரிப்புமாக ஒரு குழம்பு பூசியிருக்கும். நல்லது. முட்டைக்கோஸ் போட்ட அடை ஒன்று. எங்கள் கண் முன்னாலேயே அதில் முட்டையை உடைத்தார்கள், தப்பித்தோம். அண்டாவில் கொதிக்கிற குழம்புக்குள் என்னென்னவோ மிதக்கும். அதில் முள்ளங்கி ஒன்றுதான் எனக்கு முகம் தெரிந்தது, விட்டுவிட்டோம். கோழியைக் குச்சியில் கோத்துச் சுடுகிற கடை ஒரு பர்லாங்குக்கு முன்பே தெரிந்தது. முதலாளி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார்.

அங்கே இரும்பு அச்சில் மாவை ஊற்றி மீனைச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செதிலும் வாலும் கண்ணும் அப்படியே இருந்தன. கடைக்காரன் சிரித்துக்கொண்டே ஒன்றை நீட்டினான். நான் பழனி இருக்கிற திசை எதுவென்று குத்துமதிப்பாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முதலாளிக்கு என் மேல் மதிப்புக் கூடியது அந்த இடத்தில்தான்.

அதற்கு அடுத்த கடையில் பணியாரம்.

நான் நின்றுவிட்டேன். சத்தியமாக நம் பணியாரக் கல்லேதான், குழிகள்தான் அதிகம். ஒரு பெண்பிள்ளை மாவை ஊற்றி, கோணி ஊசி மாதிரி ஒன்றால் டக்டக்கென்று புரட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு போட்டாள். பக்கத்துக் கிண்ணத்தில் அந்தத் துண்டுகளைப் பார்த்தேன். உள்ளே வெள்ளை, ஓரத்தில் செம்மண் நிறத்தில் தோல். தேங்காய்ச் சில்லு! கருந்தோலைச் சீவாமல் அப்படியே நறுக்கிப் போட்டிருக்கிறார்கள். பச்சையாக ஏதோ பொடி, சிவப்பாக இஞ்சி. எல்லாவற்றுக்கும் மேலே பாக்குச் சீவல். மெல்லிசாகச் சீவிய பாக்கு, சூட்டில் நெளிந்து நெளிந்து ஆடியது. பலகாரமும் தாம்பூலமும் ஒரே வாயில் முடிந்துவிடுகிறதே, இவர்கள் முன்னுக்கு வராமல் யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

"நம்ம பணியாரம்ங்க" என்றேன்.

முதலாளி கிட்டே போய் மோந்து பார்த்தார். துறைமுக ஊர், மூச்சு விட்டாலே மீன் வாசனைதான். அதனால் மீன் விஷயத்தில் மட்டும் அவருடைய மூக்கு அந்த ஊரில் வேலை செய்யவில்லை.

"தெரிஞ்சுதான் சொல்லுதியாலே?"

"பணியாரம் எனக்குத் தெரியாதாங்க? சமையக்காரன் நானு."

மரச் சீவலில் செய்த சின்னத் தோணியில் எட்டு உருண்டை வைத்துக் கொடுத்தாள். முதலாளி ஒன்றை முழுசாக வாயில் போட்டு, சூடு தாங்காமல் வானத்தைப் பார்த்து ஊதினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மென்றார். வெகு நேரம் மென்றார்.

"உள்ள என்னலே, நறுக்கு நறுக்குன்னு கெடக்கு?"

"தேங்காச் சில்லுங்க."

"ரப்பர் மாதிரில இருக்கு."

"இந்த ஊர்ல தென்ன மரம் ஏதுங்க? எங்கிட்டு இருந்தோ கப்பல்ல வருது. உப்புத் தண்ணிக் காத்து பட்டு இறுகியிருக்கும்."

கேட்காமலே விளக்கம் கொடுப்பது என் கூடப் பிறந்த குணம். முதலாளி அடுத்த உருண்டையை எடுத்தார். அன்றிலிருந்து பதினோரு நாள், சாயங்காலம் ஆனால் ஆளுக்கு ஒரு தோணி. அவர் தெருவில் நின்றுகொண்டு, மேல்துண்டில் குழம்பு சிந்த, கடைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஊரில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய பிறகும் அவருக்கு அந்த ருசி போகவில்லை. சித்திரை பிறந்ததும் குடும்பத்தோடு கோடைக்கானல் பங்களாவுக்குப் போவார், விருந்தாளிகள் வருவார்கள். அங்கே என்னை ஜப்பான் பணியாரம் சுடச் சொன்னார். தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிப் போட்டேன். சிவப்பு இஞ்சிக்குப் பதில் பக்கத்து மலைக் கிராமம் பூண்டியிலிருந்து வந்த கேரட்டைத் துருவினேன். பச்சைப் பொடிக்குக் கறிவேப்பிலை. முதல் வருஷம் நிஜமாகவே பாக்குச் சீவலைத் தூவினேன். டாக்டர் ஒருவரின் சம்சாரத்துக்குத் தலை சுற்றிச் சோபாவில் படுக்கவைக்கும்படி ஆனதால் அடுத்த வருஷம் தேங்காய்ச் சீவலை வறுத்துத் தூவினேன். ஆனால் ஒன்று, தேங்காய் அந்தப் பதத்துக்கு வரவே இல்லை. வேகவைத்தேன், உப்பில் ஊறவைத்தேன், வெயிலில் காயப்போட்டேன். முதலாளி மென்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, அந்த இழுப்பு வரலயே" என்பார். "தண்ணி வாகுங்க" என்பேன்.

மூன்று சித்திரை இப்படிப் போயிற்று. நாலாவது சித்திரையில் பக்கத்துப் பங்களாவுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வந்தார். பல வருஷம் ஜப்பானில் பள்ளிக்கூடம் நடத்திவிட்டுக் கோடைக்கானலுக்கு மாற்றலாகி வந்தவர். வருவதற்கு முன்பே வேத புஸ்தகத்தை வைத்துத் தமிழ் படித்தாராம், அப்படியே பேசுவார். பணியாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரே சமையல்கட்டுக்கு வந்துவிட்டார். ஒன்றை ஊசியால் பிளந்து பார்த்தார்.

"ஐயா, இதற்குள் ஆக்டோபஸ் எங்கே?"

"அது என்னங்கம்மா?"

"கடலில் வாழும் ஜந்து. அதற்கு எட்டுக் கால்கள் உண்டு. அதன் காலை வெட்டி இதற்குள் வைப்பார்கள். ஜப்பானில் இந்தப் பலகாரத்துக்குப் பெயரே அதுதானே?"

விரல்களைத் தொங்கவிட்டு ஆட்டியும் காட்டினார். பாக்குச் சீவலைப் பற்றிக் கேட்டேன். மீனைக் கட்டையாகக் காயவைத்துச் சீவுவது என்றார். மாவு? முட்டை போட்டுத்தான் கரைப்பார்கள் என்றார். கடைசி நம்பிக்கையாக, அச்சில் சுட்ட அந்த மீனைப் பற்றிக் கேட்டேன்.

"ஓ, அதுவா! மீனின் சாயல் மாத்திரமே. உள்ளே பயறும் சர்க்கரையும் சேர்ந்த பூரணம். அது மிகவும் நல்லது."

அந்த நாட்டுத் தெருவில் நாங்கள் பயமில்லாமல் தின்றிருக்கக்கூடிய ஒன்றைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு தள்ளிவிட்டு, எட்டுக் கால் ஜந்தைத் தேங்காய் என்று சான்று கொடுத்து முதலாளிக்கு ஊட்டியிருக்கிறேன். முதலாளியிடம் சொல்லிவிட வேண்டாம் என்று டீச்சரம்மாவைக் கெஞ்சினேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன் என்றார். அவர் வேதத்துக்கு அவ்வளவுதான் முடிந்தது.

முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போகும். அது நிச்சயம். அதைவிட, காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷன் அவர். பதினோரு நாளை அவர் என்ன செய்வார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

நாலாம் நாள் தபால் வந்தது. ஒசாகாவில் மெஷின் விற்ற கம்பெனி, அதைப் பழுது பார்க்க ஒரு ஆளை அனுப்புகிறது. பெரும்பாறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோடைக்கானலில் விருந்து. முதலாளி கடிதத்தோடு சமையல்கட்டுக்கே வந்தார்.

"ஏலே, அவரு ஊர்ப் பலகாரத்த அவருக்கே சுட்டுப் போட்டு அசத்திருவோம். வெள்ளனே மாவ ஆட்டிரு."

அன்றைக்கே பணியாரக் கல்லைப் பேரி மரத்தடியில் புதைத்தேன். கல் உடைந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். இரும்புக் கல் எப்படி உடையும் என்று அவர் கேட்கவில்லை. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த பாய்க்கு ஆள் அனுப்பிவிட்டார். சாயங்காலம் பாயே ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேடேறி வந்தார்.

"முதலாளி அவசரம்னு சொல்லி விட்டாக. ஏழு குழி இருந்துச்சு, அது எதுக்குன்னு பன்னெண்டு குழியா கொண்டாந்துட்டேன். ஜப்பான்காரவுக வாராகளாம்ல? வெரசா வெந்துரும், பாரும்."

"உங்களுக்கு ஏன் பாய் இவ்வளவு சிரமம்?"

"இருக்கட்டும்யா. நம்ம ஊருப் பேரு இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை வந்தார் ஜப்பான்காரர். குட்டையாக, அடக்கமாக, மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர். கூட வர வேண்டிய, மெஷின் கம்பெனியின் திண்டுக்கல் ஏஜண்டு மலை ரோட்டு வளைவில் வாந்தி எடுத்துப் பாதி வழியிலேயே படுத்துவிட்டார். ஜப்பான்காரருடைய இங்கிலீஷ் மெஷினோடு நின்றுவிடும்: நட், போல்ட், ஆயில், நோ வாட்டர். எனக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று மூன்று வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். தெரிந்தது நாலு சொல். அதில் ஒன்று விலை கேட்பது. முதலாளி என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்.

தட்டில் எட்டு உருண்டை. விருந்தாளி முகம் மலர்ந்து, கை கூப்பி, ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். நின்றது வாய். மிச்சத்தைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பணிவாக ஏதோ சொன்னார்.

"என்னலே சொல்றாரு?"

"தேங்கா அருமையா இருக்காம்ங்க."

விருந்தாளி தலையை ஆட்டிவிட்டு இன்னும் நீளமாகச் சொன்னார்.

"இப்ப?"

"அவங்க ஊருத் தேங்காய விட நம்ம தேங்கா நல்லா இருக்காம்."

நான் சரியாகச் சொல்லவில்லை என்று அந்த மனிதருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்தார். மெஷின் படம் வரைகிற கை. கோணாமல் ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றி எட்டுக் கோடு இழுத்து முதலாளியிடம் நீட்டினார்.

"இது என்னலே?"

"சூரியன்ங்க. அவுக கொடியில இருக்குல்ல? மரியாதைக்கு வரஞ்சு குடுக்காரு."

என் ஆயுளில் நான் சொன்ன பொய்களில் எனக்குப் பெருமை தந்தது அதுதான். முதலாளி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, தலையசைத்து, விருந்தாளிக்குக் கும்பிடு போட்டார். அதோடு முடிந்திருக்கும். விருந்தாளிதான் வேலையை அரைகுறையாக விடுகிறவர் இல்லையே. படத்தைத் திரும்ப வாங்கி, வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தார். கோடுகளை வளைத்தார். அடியில் அலை அலையாகத் தண்ணீர் போட்டார்.

முதலாளி இந்தத் தடவை படத்தை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"சூரியனுக்குக் கண்ணு ஏதுலே?"

விருந்தாளி விரல்களைத் தொங்கவிட்டு ஆட்டினார், ஒரு விரலைக் கத்தரிப்பது மாதிரி செய்தார், பணியாரத்தைக் காட்டினார், மென்று காட்டினார். உதவி செய்கிற சந்தோஷம் முகம் பூராவும். எட்டுக் கால் விரலாட்டத்தை ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாகப் பார்த்தேன்.

"நாம தின்னது?" என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி.

"ஆமாங்க."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம்ங்க."

"பதினோரு நாளு. நாளுக்கு எட்டு." கண்ணை மூடினார். "எம்பத்தெட்டாலே!"

முதலாளி விருந்தாளிக்குத் தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், வாசல் வரை போய் அனுப்பிவைத்தார். கார் திரும்பியதும் தோட்டத்துக் குழாயடிக்குப் போனார். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் தின்றதற்கு இப்போது வாய் கொப்பளித்தார். பக்கத்தில் செம்போடு நின்றேன். நிறுத்துகிற வழியாகத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் நானும் கொப்பளிக்க ஆரம்பித்தேன், தனியாக நிற்பது மரியாதையாக இல்லை என்று.

"காலம்பற வெள்ளனே கெளம்பு. பழனிக்கு" என்றார்.

காரில் வத்தலக்குண்டு வழியாக மலை இறங்கினோம். பழனியில் நேரே முடியிறக்குகிற கொட்டகைக்குப் போனோம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"ரெண்டு பேருக்குமாங்க? என்ன வேண்டுதலு?" என்று கேட்டார் நாவிதர்.

"பேசாம எறக்கும்" என்றார் முதலாளி.

தலையில் சந்தனம் பூசி மலையேறிக் கும்பிட்டு இறங்கினோம். வழியில் என் சித்தப்பா ஒருவர் பார்த்துவிட்டு, "என்னலே, மொதலாளியும் தொழிலாளியும் சோடி போட்டு மொட்ட? யாருக்குக் கல்யாணம்?" என்று சத்தமாகக் கேட்டார். முதலாளி வேகமாக நடந்தார்.

அடிவாரத்தில் கார்ப் பக்கம் வந்ததும் நின்றார். என் வேலை போகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாவம் கழிஞ்சு போச்சு. அத விடு" என்றார். "தெரியாமத் தின்னோம். ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப ராத்திரிக்கு என்ன சமைக்கட்டுங்க?" என்றேன்.

"நீ இனிமே சமையக்கட்டுப் பக்கம் வராத."

"கோவம் இல்லைன்னீங்களே!"

"கோவம் இல்லலே. தேங்காய்க்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எப்படிச் சமையக்காரனா இருக்க முடியும்? பதினோரு நாளு தின்னுருக்க, ஒரு நாளாச்சும் சந்தேகம் வந்துச்சா?"

"நீங்களும்தானங்க தின்னீங்க?"

"நான் சமையக்காரன்னு என்னைக்காவது சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. இன்றைக்கும் அந்த வாதத்தில் ஓட்டை தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

"வேற என்னங்க செய்யட்டும் நான்?"

"பெரும்பாறையில மொளகு காயுது. களத்துல போய் உக்காரு. காக்கா வராமப் பாத்துக்க. அங்க ருசி பாக்குற சோலி இல்ல."

மறுநாள் போய் உட்கார்ந்தேன். கடைசிப் பறிப்பு மிளகு, கறுத்துச் சுருங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. களத்தில் நிழல் கிடையாது. மொட்டைத் தலையில் வெயில் நேராக இறங்கியது. இரண்டாம் நாள் ஒரு தொப்பி வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினேன். முடி முளைக்கும், அது வரைக்கும் பொறுக்கச் சொல்லு என்று பதில் வந்தது.